முப்பத்தோராவது குப்பி

பால் பண்ணையில் எனக்குப் பெயர் கறார். நேரில் "கறார் அண்ணே" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்தால் கோபம் வரும், கோபம் வந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் சாம்பிள் சிந்தும். என் வேலையில் ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது.

வேலை இதுதான். பால் டேங்கர் வாசலில் வந்து நின்றதும் ஏணியில் ஏறி மூடியைத் திறப்பேன். நீளக் கம்பியால் அடி வரைக்கும் கலக்குவேன். நீளக் கரண்டியால் மொண்டு இரண்டு பாட்டிலில் ஊற்றுவேன். ஒன்று பரிசோதனைக்கு, இன்னொன்று சீல் வைத்து அலமாரிக்கு. ஸ்டிக்கரில் வண்டி எண், தேதி, என் கையெழுத்து, டிரைவர் கையெழுத்து. இத்தனையும் டிரைவர் பக்கத்தில் நிற்கும்போதே நடக்க வேண்டும். கண் முன்னால் எடுத்தால்தான் அது சாம்பிள், இல்லாவிட்டால் வெறும் பால். இருபத்திரண்டு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

ஒரு தடவை ஒரு டிரைவர் சிரித்த முகமாக வந்தான். ஒற்றைக் காதில் கடுக்கன் போட்டிருப்பான், அதனால் அவனைக் கடுக்கன் என்றுதான் கூப்பிடுவோம். "எதுக்குண்ணே ஏணி ஏறுற சிரமம் உங்களுக்கு? நானே எடுத்து வச்சுட்டேன்" என்று ஒரு பாட்டிலை நீட்டினான். வாங்கி முகர்ந்தேன். அருமையான பால். ஏணியில் ஏறி டேங்கருக்குள் பார்த்தால் தண்ணீருக்கு வெள்ளை அடித்த மாதிரி இருந்தது. வண்டியோடு திருப்பி அனுப்பினேன். ஒரு மாதம் அவனுக்கு வேலை இல்லை. வேறு பாலைத் தன் வண்டிப் பால் என்று காட்டுகிறவனுக்கு என் வாசலில் இடமில்லை என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னை நீங்கள் காறித் துப்ப வசதியாக இருக்கும்.

போன வருஷம் பண்ணையின் நர்ஸம்மா எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார். ஐம்பது தாண்டியவர்கள் முப்பத்தொரு பேர் இருந்தோம். ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி கொடுத்தார், பச்சை மூடி. மூடியைத் திருகினால் அதோடு ஒரு குச்சி வரும். குச்சியை மலத்தில் நாலு இடத்தில் குத்தி, திரும்ப உள்ளே வைத்து மூடி, பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"குடல்ல கேன்சர் வர்றதுக்கு முன்னாடி சின்னதா சதை வளரும். வலிக்காது, வாந்தி வராது, ஒண்ணுமே தெரியாது. ஆனா சில நேரம் கண்ணுக்குத் தெரியாம ரத்தம் கசியும். அதைத்தான் இது புடிச்சுக் குடுக்கும். உடம்பு நல்லாத்தானே இருக்குன்னு யாரும் சும்மா இருந்துடாதீங்க. நல்லா இருக்கும்போதுதான் இதைப் பாக்கணும்" என்றார் நர்ஸம்மா.

வியாழக்கிழமைக்குள் கொடுக்கச் சொல்லி, முப்பத்தொரு பெயரையும் எழுதித் தன் அறைச் சுவரில் ஒட்டினார். குப்பி வர வர டிக் போட்டார். புதன்கிழமை மதியம் முப்பது டிக். ஒரே ஒரு பெயர் மட்டும் மொட்டையாக நின்றது, அடியேனுடையது.

"எல்லார்கிட்டயும் சாம்பிள் கேட்டு உயிரை எடுப்பீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேட்டா இந்தப் பாடா?" என்று வழியில் மடக்கினார் நர்ஸம்மா.

"அசிங்கமா இருக்கு சிஸ்டர், அதான்" என்றேன்.

அசிங்கம் என்று சொன்னேனே தவிர, உள்ளே இருந்தது பயம். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தேடுகிற வேலையிலேயே தலை நரைத்தவன் நான். தேடினால் ஏதாவது கிடைக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் காலையில் குளியலறையில் அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாளும் மூடியைத் திருகாமலே வெளியே வந்தேன்.

அன்றைக்கு மாலை பீப்பாய் வண்டி கொண்டுவந்தான். பீப்பாய் என் மனைவியின் தம்பி. எங்கள் பண்ணைக்குத்தான் டேங்கர் ஓட்டுகிறான். நாற்பத்தாறு வயது. உருவத்துக்குத் தகுந்த பெயர், கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பான். ஜுரம் என்று ஒரு நாள் படுத்ததில்லை. உடம்பு என்றால் அதுதான் உடம்பு என்று எங்கள் வீட்டில் உதாரணம் காட்டுவதே அவனைத்தான். அவனைப் பார்த்ததும் என் புத்தி போன போக்கைச் சொல்கிறேன் கேளுங்கள்.

"மாப்ளே, ஒரு உதவி."

"சொல்லுங்க மாமா. யாரையாவது அடிக்கணுமா?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு விஷயத்தைக் காதில் சொல்லி, குப்பியை நீட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் வண்டியின் கண்ணாடி அதிர்ந்தது.

"எங்கிட்ட எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்காங்க மாமா. இதை மட்டும் எவனும் கேட்டதில்ல."

"மெதுவாப் பேசுடா, மானம் போகுது. தர்றியா இல்லையா?"

"தர்றேன், தர்றேன். நாளைக்குக் காலைல சூடா..."

"வாயை மூடு."

மறுநாள் காலை குப்பியைக் காகிதப் பையில் சுற்றிக் கொடுத்தான். ஸ்டிக்கரில் என் பெயரை நானே எழுதி ஒட்டினேன். பழக்க தோஷம், கீழே கையெழுத்தும் போட்டேன். நர்ஸம்மா முப்பத்தோராவது டிக்கைப் போட்டு, "சமத்து" என்றார். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். "உக்காருங்கண்ணே" என்றார். நர்ஸ் உட்காரச் சொன்னால் நல்ல சேதி இல்லை.

"உங்க சாம்பிள்ல ரத்தம் இருக்கு. உடனே கேன்சர்னு நெனச்சுக்காதீங்க. மூலமா இருக்கலாம், புண்ணா இருக்கலாம், சதை வளந்திருக்கலாம். நெறைய பேருக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது. ஆனா என்னன்னு பாத்தே ஆகணும். வர்ற புதன்கிழமை பெரியாஸ்பத்திரில டாக்டரைப் பாருங்க. கேமரா வச்ச குழாய் விட்டுப் பாக்க அவர் தேதி குடுப்பார்."

அந்த நிமிஷம் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, என்னுடையது இல்லை என்று தோன்றியது. சத்தியமாக அதுதான் தோன்றியது. அடுத்த மூச்சில்தான் மற்றது தோன்றியது. என்னுடையது இல்லையென்றால் யாருடையது?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே சுவரில் அந்தப் பட்டியல். கறாரே சாம்பிளில் திருட்டு வேலை செய்தான் என்று தெரிந்தால் கடுக்கன் என்ன சொல்வான்? வாயை மூடிக்கொண்டு, நர்ஸம்மா கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சட்டை துவைக்கப் போகும் என்பதைக்கூட யோசிக்காத மடையன் நான். என் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். எந்தத் துணியைத் தொட்டாலும் முதலில் பையைத் துழாவுவாள். கடிதத்தைப் படித்துவிட்டு வாளி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என்னைக் கவனிக்க ஆரம்பித்தாள் பாருங்கள்! கட்டிலில் ஈரத் துண்டைப் போட்டதற்காக முப்பது வருஷம் என்னைத் திட்டியவள், துண்டைத் தானே எடுத்துக் கொடியில் போட்டாள். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாகக் கையில் வைத்தாள்.

மறுநாள் மாலை அவளே தம்பிக்குப் போன் போட்டு வரவழைத்தாள். அவனை ஒன்பது வயதிலிருந்து வளர்த்தது அவள்தான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான். ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "மாமாவோட டெஸ்ட்ல ரத்தம் இருக்காம்டா" என்று அவள் சொன்னதும் அவன் முகத்தைப் பார்த்தேன். பெரிய முகம், அதில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். நடுவில் என் மனைவி, "பாரு, மாமா மேல எவ்ளோ பாசம் இவனுக்கு" என்று அவன் தலையைத் தடவினாள்.

வராந்தாவுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, அது என்னுது."

"தெரியும்டா."

"எனக்கு மூலம் மாமா. ரெண்டு வருஷமா அப்பப்ப வருது, போகுது. அவ்ளோதான்."

"எந்த டாக்டர் சொன்னாரு மூலம்னு?"

டாக்டரும் அவனே, மருந்தும் அவனே என்று தெரிந்தது. "புதன்கிழமை நீ வா, ரெண்டு பேரும் போலாம்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா. நீங்களே போங்க. உங்களுக்குள்ள பாப்பாங்க, ஒண்ணும் இருக்காது, அத்தோட கதை முடிஞ்சுது. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு. இதையெல்லாம் கெளறி நான் என்ன பண்ண?"

"ரெண்டு புள்ளைங்க இருக்கறதாலதான்டா கெளறணும்" என்றேன். அதற்குள் அவன் படியில் இறங்கிவிட்டான்.

அதன் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. வேறு டிரைவரோடு பேசி நெடுந்தூர வண்டிக்கு மாறிக்கொண்டான். போன் எடுக்கவில்லை. சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. என் வீட்டிலோ ராஜ உபசாரம். திங்கட்கிழமை காலையில் எனக்கு முட்டையை உரித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "இந்த உலகத்துல எனக்குன்னு இருக்கறது நீங்களும் தம்பியும்தான். அவனைப் பத்திக் கவலை இல்ல, இரும்பு மாதிரி இருக்கான். உங்களை நெனச்சாத்தான் பக்குனு இருக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு முழுவதையும் சொன்னேன். குப்பியை நீட்டியது, அவன் சிரித்தது, நான் கையெழுத்துப் போட்டது, அவன் ரெண்டு வருஷமாக மூலம் என்று சொல்லிக்கொண்டு திரிவது, எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். தட்டை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் கல்லாக இருந்தது.

"அஞ்சு நாளா எங்கையால உரிச்சு உரிச்சுக் குடுத்தேனே, தின்னீங்களே! மனுஷனா நீங்க?"

"தப்புதான்."

"அவன் வண்டி எப்ப வரும்?"

"நாளைக்குப் பத்து மணிக்கு. எங்க போனாலும் லோடு எறக்கப் பண்ணைக்கு வந்துதானே ஆகணும்."

"நானும் வரேன்."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாசலில் ஆறு டேங்கர்கள் வரிசையில் நின்றன. மூன்றாவது பீப்பாயுடையது, நாலாவது கடுக்கனுடையது. என் அதிர்ஷ்டம் அப்படி. பீப்பாய் வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினான். அக்காவைப் பார்த்ததும் திருதிருவென்று முழித்தான்.

"அக்கா, நீ எங்க இங்க?"

அவள் சாப்பாட்டுக் கூடையோடு வண்டியில் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஏணியில் ஏறவில்லை.

"சாம்பிள் எடுங்க மாமா. பின்னாடி வண்டிங்க நிக்குது."

"எடுக்க மாட்டேன். சந்தேகம் இருக்கு."

"பால்ல என்ன சந்தேகம்?"

"பால்ல இல்ல, டிரைவர்கிட்ட."

மற்ற டிரைவர்கள் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்தார்கள். நான் சத்தமாகவே சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருந்தால் பாதியில் நின்றிருப்பேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நர்ஸம்மா குடுத்த டப்பால என் பேரை ஒட்டி நான் குடுத்த சாம்பிள் என்னுது இல்ல. இவன்கிட்ட வாங்கிக் குடுத்தேன். அதுல ரத்தம் இருக்குன்னு வந்திருக்கு. இவன் டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறான். வர்ற வரைக்கும் இந்த வண்டியை நான் உள்ள விட மாட்டேன்."

முதலில் சிரித்தவன் கடுக்கன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, டேங்கர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "கறார் அண்ணே... நீங்களா... வேற சாம்பிளா?" சிரிக்கட்டும் என்று நின்றேன். அவனுக்கு அந்த உரிமை உண்டு.

பீப்பாய் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பயமா இருக்கு மாமா" என்றான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று எனக்குத் தெரியாது.

"எனக்கும்தான்டா பயம். இல்லன்னா உங்கிட்ட டப்பாவை நீட்டியிருப்பேனா?"

வண்டிக்குள்ளிருந்து அவன் அக்கா குரல் வந்தது. "தம்பி, ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொல்லு. சொல்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

"பால் கெட்டுப் போகும்க்கா."

"கெடட்டும்."

இருபத்திரண்டு வருஷத்தில் என் காதுபட யாரும் சொல்லாத வார்த்தை. கடுக்கன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். "சாவியைக் குடு பீப்பா. உன் வண்டியை நான் பாத்துக்கறேன். எங்க சித்தப்பாவும் மூலம் மூலம்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. போய்ப் பாரு, போ" என்றான். பீப்பாய் சாவியைக் கொடுத்தான்.

சத்தம் கேட்டு வந்த நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துத் திட்டினார். நாற்பத்தாறு வயதில் இரண்டு வருஷமாக ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்கு அவனுக்குத் தனியாக ஒரு பங்கு கிடைத்தது. "ஐம்பதுன்னு நான் சொன்னது ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு. ரத்தம் வந்தா இருபது வயசா இருந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்." பிறகு அறைக்குள் போய், பட்டியலில் என் பெயருக்கு நேரே இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு வந்தார். "நீங்க இன்னும் டெஸ்ட்டே பண்ணலண்ணே, அது தெரியுதா உங்களுக்கு?" என்றார். உறைத்தது.

மேனேஜர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன்.

புதன்கிழமை டாக்டர் பார்த்தார், அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுத்தார். முதல் நாள் குடலைக் காலி செய்ய ஒரு மருந்துத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். பீப்பாய் எங்கள் வீட்டில்தான் குடித்தான். அன்றைக்கு எங்கள் வீட்டுக் குளியலறை எங்களுக்கு இல்லை. "டேங்கர் கழுவற மாதிரி கழுவுது மாமா" என்று உள்ளேயிருந்து கத்தினான். அவன் அக்கா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி, "அடி வரைக்கும் கழுவட்டும்" என்றாள். உண்மை தெரிந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

மறுநாள் ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் வைத்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் நானும் அவளும் அவன் மனைவியும் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வெளியே வந்து இரண்டு இடத்தில் சதை வளர்ந்திருந்ததாகச் சொன்னார். ஒன்று பட்டாணி அளவு, இன்னொன்று கொஞ்சம் பெரியது. குழாய் வழியாகவே இரண்டையும் எடுத்தாயிற்று, சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். பத்து நாளில் முடிவு வந்தது. புற்று இல்லை.

"இன்னும் கேன்சர் ஆகல. ஆனா பெருசை விட்டு வச்சிருந்தா, சில வருஷத்துல ஆகறதுக்கு வாய்ப்பு இருந்தது. மூணு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணும்" என்றார் டாக்டர்.

பீப்பாயின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பண்ண தப்பாலதாண்ணே இவரு தப்பிச்சாரு" என்று அழுதாள். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. என் மனைவி பக்கத்திலிருந்து, "ரொம்பப் பூரிச்சுப் போகாதீங்க. அஞ்சு நாள் வாயை மூடிட்டு இருந்தவருதானே நீங்க?" என்றாள். நிமிர்ந்தது இறங்கிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை நர்ஸம்மா புதுக் குப்பி கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் ஆறரை மணிக்கே பீப்பாய் எங்கள் வீட்டில் ஆஜர். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"நீ எதுக்குடா வந்தே?"

"கண்ணு முன்னாடி எடுத்தாத்தான் சாம்பிள்னு நீங்கதானே சொல்லுவீங்க? உள்ள வரல, பயப்படாதீங்க. வாசல்ல நிக்கறேன்."

உள்ளே போனேன். இந்தத் தடவை மூடியைத் திருகினேன். குச்சியால் நாலு இடத்தில் குத்தி, உள்ளே வைத்து மூடியபோது கை நடுங்கியதே தவிர ஒன்றும் சிந்தவில்லை. ஒரு நிமிஷ வேலை. இதற்கா இத்தனை கூத்து என்று எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. ஸ்டிக்கரில் நான் கையெழுத்துப் போட்டேன், கீழே பீப்பாயும் போட்டான். நர்ஸம்மா இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் வாங்கிக்கொண்டார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ரத்தம் இல்லை, இரண்டு வருஷம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தையும் தம்பியுடைய கடிதத்தையும் என் மனைவி ஒரே கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். ஈரத் துண்டுக்காக என்னைத் திட்டுவது பழையபடி ஆரம்பமாகிவிட்டது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

நேற்று பத்து மணிக்குப் பீப்பாய் வண்டி கொண்டுவந்தான். ஜன்னலிலிருந்தே தலையை நீட்டினான்.

"லேட்டாயிடுச்சு மாமா. நீங்களே எடுத்துக்குங்க, நான் இங்கயே இருக்கேன்."

"எறங்கி வா."

"நம்ம வண்டிதானே மாமா?"

"நம்ம வண்டின்னாலும்தான். எறங்குடா."

முனகிக்கொண்டே இறங்கினான். பின்னால் வரிசையில் கடுக்கன் ஹாரன் அடித்தான். நான் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து அடி வரைக்கும் கலக்கினேன். கீழே பார்த்தேன். இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான், வாசல் கொள்ளாத உடம்போடு. "என்ன மாமா, பாலைப் பாருங்க, என்னை ஏன் பாக்கறீங்க?" என்றான். எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. அப்புறம் மொண்டு, இரண்டு பாட்டிலிலும் ஊற்றினேன்.